பாலத்துக்கு இந்தப் பக்கம்

பிரிக்பீல்ட்ஸில் என்னை ஏற்றிக்கொண்ட கிராப் டாக்ஸி ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவருடைய இடது கால் தையல் மிஷினை மிதிப்பதுபோல் ஆடியது. எனக்கே எரிச்சலாக இருந்தது.

“சிங்கப்பூருக்கா அண்ணே? எங்கம்மா அங்கதான். படுத்த படுக்கையா இருக்காங்க.”

“போய்ப் பாக்கலையா?”

“அங்கதான் வளந்தேன். பதினெட்டு வயசுல கட்டாய ஆர்மிக்குக் கூப்பிட்டாங்க, எல்லை தாண்டி இங்க ஓடி வந்துட்டேன். இப்பச் சிங்கப்பூர் போற பாலத்தத் தாண்டுனா அரெஸ்ட்தான் லா.”

பேருந்து நிலையத்தில் ஒரு வடைப் பொட்டலத்தையும் அம்மாவின் முகவரியையும் என் கையில் திணித்தார்.

அன்று மாலை சிங்கப்பூரில், படுக்கையில் கிடந்த அந்த அம்மா பொட்டலத்தை வாங்கத் தயங்கினார். என்னையே உற்றுப் பார்த்தார்.

“குடுத்தவன் காலை ஆட்டிக்கிட்டே இருந்தானா, தம்பி?”

“ஆமாம்மா.”

“அப்ப அவன்தான்” என்று கையை நீட்டினார்.