வால்வு திறக்க ஒரு பரீட்சை

அந்த அமெரிக்க ஜனாதிபதியை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. போட்டித் தேர்வுக்காகச் சிவகாசி நூலகத்தில் எடுத்து வந்த புத்தகத்தில் இருந்தார். மினுக்கிக்கொண்டு திரிகிற ஆள். நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தபோது கட்சிக்காரர்களுக்கு வேலை போட்டுக் கொடுத்தே பெயர் வாங்கியவர். கட்சியில் ஒரு கோஷ்டி முறுக்கிக்கொண்டு நின்றதால், அதைச் சமாதானப்படுத்த அவரைத் துணை ஜனாதிபதி பதவிக்கு நிறுத்தினார்கள்.

சாயங்காலம் சோறு வேகும் நேரத்தில் படித்ததை அம்மாவிடம் சொல்வேன். அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவள். "நம்ம ஊரு ஆளு மாதிரில்ல இருக்காரு" என்றாள்.

அந்தத் தடவை எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதுவரை அது ஆலை முதலாளி வீட்டு நாற்காலி. அவர் வீட்டுப் பெண்கள் மாட்டோம் என்றதும் முதலாளி அம்மாவை நிறுத்தினார். அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்பதுதான் அவளுக்கு இருந்த தகுதி. கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று ஆலை மேனேஜர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஜெயித்தாள். தலைவர் பதவியில் வருவதை வைத்து வீடு ஓடாது என்பதால் காலையில் எப்போதும் போல ஆலை வேனில் ஏறினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பொம்மையாக உட்காரவா போனாய் என்று கேட்டேவிட்டேன். அவள் சோற்றைக் கிளறிக்கொண்டே அந்த அமெரிக்க ஆள் கதை என்னாச்சு என்று கேட்டாள்.

மிச்சத்தைச் சொன்னேன். வேலை கிடைக்காத ஒருவன் ஜனாதிபதியைச் சுட்டுவிட, துணையாக இருந்தவர் நாற்காலிக்கு வந்தார். இவரா என்று நாடே தலையில் கை வைத்தது. சேதி கேட்டதும் குழந்தை மாதிரி அழுதாராம். ஆனால் உட்கார்ந்த பிறகு ஆளே வேறு. அரசாங்க வேலைக்குச் சிபாரிசு கூடாது, பரீட்சை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தூக்கிவிட்ட கோஷ்டி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. நல்லவர் நல்லது செய்வதில் என்ன அதிசயம்? சிபாரிசிலேயே வளர்ந்தவர் சிபாரிசை வெட்டினாரே, அங்கேதான் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுத்த மாதம் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் வேலை காலியானது. முதலாளி தெருவில் தினம் தண்ணீர் வரும். எங்கள் கடைசித் தெருவில் வந்தால்தான் உண்டு. தன் டிரைவரின் மச்சானைப் போடும்படி முதலாளி சொல்லி அனுப்பினார். அம்மா கிராம சபையைக் கூட்டி, வேலை வேண்டும் என்பவர்கள் ஊர் பார்க்க மோட்டார் போட்டு, வால்வு திறந்து, கடைசிக் குழாயில் தண்ணீர் வர வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

மேனேஜர் வந்து, சோறு போடுகிற கையை மறக்கலாமா என்று கேட்டார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "மொதலாளிய மறக்கலங்க. ஓட்டுப் போட்டவுகளயும் மறக்க முடியலயே."

மச்சான் திறந்த வால்வில் முதல் தெரு நனைந்ததோடு சரி. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் பைப் வேலை பார்த்திருந்த ஒருவர்தான் கடைசிக் குழாயில் தண்ணீர் வர வைத்தார். வேலை அவருக்குப் போனது. என் அம்மாவைப் பார்த்து அன்றைக்குப் பெருமையில் அழுதேன்.

திங்கட்கிழமை காலை ஆலை வேன் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போனது. உள்ளே இருந்த பெண்கள் ஜன்னல் வழியாக அம்மாவையே பார்த்துக்கொண்டு போனார்கள். அம்மா முகத்தில் படிந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பிரசிடெண்ட அடுத்த தடவ நிறுத்தினாகளா?"

"இல்லம்மா. கட்சி சீட்டுக் குடுக்கல. உடம்புக்கும் முடியாமப் போயி, சீக்கிரமே செத்துட்டாரு."

"அந்தப் பரீட்ச?"

"இன்னிக்கும் வைக்காக."

சாப்பாட்டுத் தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வேறு ஆலையில் வேலை கேட்க, திருத்தங்கல் பஸ் நிற்கும் எதிர்ப்பக்கத்துக்குச் சாலையைக் கடந்து போனாள்.