'இல்லை' என்று நான் எழுதிய இருபது பதில்கள்

ஞானமுத்து அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். புதுச்சத்திரத்தில், மகள் வீட்டில். மகள்தான் போன் செய்தாள்.

கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை... இதை எழுதலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். சபை நண்பர்களும் படிப்பீர்கள். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஆராதனையில் கடைசி வரிசை. ஜெபம் செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று தலையைக் குனிந்தே உட்கார்ந்திருப்பார்.

அவர் செய்தது ஒன்றுதான். படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போய்க் கால் நகம் வெட்டிவிடுவார். வெந்நீரில் காலை ஊறவைத்து, துடைத்து, ஒவ்வொரு விரலாக.

என் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கும் வெட்டினார். என்னால் குனிய முடியாததால் அதன் பின்னும் மாதம் ஒருமுறை வந்துவிடுவார். முதல் நாள் நான் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன்.

"ஆடாதீங்க சார். டயர் கழட்டுன கையி. விரலும் சேந்து வந்துரும்."

போன வருடம் சபையில், ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற ஆவிக்குரிய வரங்களைப் பற்றி நான்கு வாரம் பிரசங்கம் நடந்தது. யாருக்கு என்ன வரம் என்று பார்க்க ஒரு படிவம். இருபது கேள்விகள், ஆம் அல்லது இல்லை. நான் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன், அதனால் பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது.

அண்ணன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நான் வாசித்தேன், அவர் பதில் சொன்னார். போதிக்கிறீர்களா? இல்லீங்க. பிறருக்கு ஊழியம் செய்கிறீர்களா?

"ஊழியமெல்லாம் பாஸ்டருங்க செய்யறது. நமக்கேதுங்க சார்."

அவர் என் நகத்தை வெட்டிவிட்டுப் போய் அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது... பதிலை யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று படிவத்தின் மேலே அச்சிட்டிருந்தது. நான் 'இல்லை' என்றே எழுதினேன். இருபதுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலை வாசித்தேன். அவர் பெயரை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஒருவரை விடுவது முறையில்லை என்றும் பட்டது. "ஞானமுத்து, குறிப்பிடும்படி இல்லை" என்று வாசித்தேன். யாரோ சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

நான்காவது வாரம் அன்பைப் பற்றிய பிரசங்கம். அதற்குப் படிவம் கிடையாது.

பட்டியலைப் பார்த்து, நோயாளிகளை வீட்டில் போய்ச் சந்திக்கும் குழு போட்டார்கள். அண்ணன் பெயர் அதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. என் வீட்டுக்கும் வரவில்லை.

குழுவோடு நானும் போனேன். பக்கவாதத்தில் கிடக்கும் பாக்கியநாதன் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சார், ஞானமுத்துக்கு எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?"

அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றேன். பொய்.

ஆறு மாதத்துக்கு முன் மனது கேட்காமல் அண்ணனைப் பார்க்கப் புதுச்சத்திரம் போனேன். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "வரம் இருக்கறவங்க போறாங்கல்ல சார். நான் போயி நடுவுல நின்னா அவங்களுக்குச் சங்கடமுங்க" என்றார்.

அப்படியில்லை அண்ணே என்று ஆரம்பித்தேன். அதற்குள் மகள் டீ கொண்டுவந்தாள். பேச்சு மாறிவிட்டது. மாறியது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்...

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். "சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணுமே குடுக்காம ஆண்டவரு ஒருத்தனைப் படைப்பாருங்களா?"

நாமக்கல் பஸ் வந்து நின்றது. அப்புறம் பேசலாம் அண்ணே என்று ஏறிவிட்டேன்.

நாளை பதினொரு மணிக்கு அடக்க ஆராதனை. முடிந்தவர்கள் வாருங்கள்.

உங்களுக்குக் கொடுத்திருந்தார் அண்ணே. எனக்குத் தெரியும். போய் வாருங்கள்.