பாரீஸ் அரங்கத்துக்குக் கை ஆட்டின கதை

இன்னிக்கு நம்ம ஊரு தியேட்டர்ல, பாரீஸ்ல நடக்கற ஒரு இசை நாடகத்தை நேரலையில காட்டினாங்க. எங்க தெருவுல இருக்கற பிரெஞ்சுக்கார மதாமோட போயிருந்தேன். அவங்க தங்கச்சி பாரீஸ்ல அதே நாடகத்தை நேர்ல பாக்கறாங்க.

இடைவேளை. இங்க பாதிப் பேரு பாப்கார்ன் வாங்கப் போயாச்சு. திரையில அந்த ஊரு அரங்கத்தையே காட்டிட்டு இருந்தாங்க. அங்க நாடகம் பாக்க வந்தவங்க வரிசை வரிசையா எங்களைப் பாத்து உக்காந்திருக்காங்க.

"அதோ என் தங்கச்சி!"ன்னு மதாம் ரெண்டு கையையும் ஆட்டினாங்க. வருஷக்கணக்கா வீடியோ கால்ல பேசிப் பேசி வந்த பழக்கம்.

"இது சினிமா திரை மதாம். அவங்களுக்கு நாம தெரிய மாட்டோம்"னேன்.

திரையில தங்கச்சி கை ஆட்டினாங்க.

தற்செயலா இருக்கும்னு சிரிச்சேன். உடனே மதாமுக்கு தங்கச்சிகிட்டேருந்து போன் வந்துச்சு. சாதா கால்தான், வீடியோ இல்ல. கேட்டுட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"பக்கத்துல பச்சை சுடிதார் பொண்ணு ஏன் சும்மா உக்காந்திருக்குன்னு கேக்கறா."

பச்சை சுடிதார் நான்தான்.

மரியாதைக்கு மெதுவா கையைத் தூக்கினேன். தங்கச்சி உக்காந்திருந்த வரிசையே மொத்தமா எனக்குக் கை ஆட்டுச்சு.

உங்க சொந்தக்காரங்க யாராவது அந்த ஷோவுக்குப் போயிருந்தா கேட்டுச் சொல்லுங்க. அங்க டிக்கெட் வாங்கினது நாடகம் பாக்கவா, எங்களைப் பாக்கவா?