நெஞ்சு மட்டம்

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மேஸ்திரிக்குத்தான் அது முடிந்த மாதிரியே தெரியவில்லை.

முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகத் தரைக்கு டைல்ஸ் பதித்தவர். ஒருநாள் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று அடைப்பு. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். கண் விழித்தபோது கழுத்தில் ஒரு குழாய், மணிக்கட்டில் ஒரு குழாய், விலாவில் இரண்டு. கழுத்துக் குழாயில் ஒரு சின்ன இயந்திரம் சிரிஞ்சை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தக் குழாய் எல்லாம் தளர்ந்து போயிருக்கும், ஐயா. இந்த மருந்து அதை இறுக்கிப் பிடிச்சு பிரஷரைத் தூக்கி நிறுத்தும்" என்றார் ஐசியு டாக்டர். "உங்க பிரஷர் தானா நின்னுட்டா மருந்தை எடுத்துடுவோம். எடுத்தாத்தான் வார்டு."

முதல் நாள் இயந்திரம் மருந்தின் அளவை ஆறு என்று காட்டியது. இரண்டாம் நாள் காலை இரண்டுக்கு வந்தது. மேஸ்திரி மனசுக்குள் வார்டுக்கே போய்விட்டார்.

அன்று மத்தியானம் ஒரு தப்பு செய்தார். கழிவறைக்குப் போகலாம் என்று யாரையும் கூப்பிடாமல் காலைக் கீழே போட்டார். குழாய்கள் இழுத்தன, நான்கு பேர் ஓடி வந்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டார். விழுந்துவிடக் கூடாது என்று கட்டிலைத் தரையோடு தரையாக இறக்கி வைத்தார்கள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தலைமாட்டுத் திரையில் பிரஷர் குறைந்து, சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் கத்தியது. மருந்தை நாலாக்கினார்கள், அப்புறம் ஆறு, அப்புறம் எட்டு. மறுநாள் காலை குறைத்துப் பார்த்தார்கள், மறுபடி கத்தல். மருந்து ரத்தக் குழாயை இறுக்கியதில் விரல் நுனியெல்லாம் ஐஸ் மாதிரி ஆகி, நகம் நீலம் பாய்ந்தது. சிமெண்டையும் கல்லையும் தடவியே பிழைத்த விரல்கள். அவர் அவற்றைப் போர்வைக்குள் வைத்துத் தேய்த்தபடி கிடந்தார்.

வேறு வேலை இல்லாததால் சுற்றிலும் பார்த்தார். மணிக்கட்டுக் குழாயில் தண்ணீர் போல ஒரு திரவம். அது போய் முடிகிற இடத்தில், கம்பி ஸ்டாண்டில், தீப்பெட்டி அளவு டப்பா. அதுதான் பிரஷரை அளந்து திரைக்கு அனுப்புகிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். முதல் நாள் ஒரு நர்ஸ் அவர் விலாப் பக்கம் கையை வைத்து, கண்ணால் நேர் பார்த்து, டப்பாவை நெஞ்சு உயரத்துக்கு நகர்த்தியது ஞாபகம் வந்தது. அந்த ஸ்டாண்டு கட்டிலோடு சேர்ந்தது அல்ல, தனியாகத் தரையில் நின்றது. கட்டில் இறங்கிவிட்டது. டப்பா பழைய உயரத்திலேயே, நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

மேஸ்திரிக்குச் சட்டென்று உறைத்தது. தண்ணி ட்யூப் பிடித்து மட்டம் பார்க்கிற ஆளுக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

"சிஸ்டர், அந்த டப்பா உயரமா இருக்கு. மட்டம் தப்பு."

"ஷிப்டுக்கு ஒரு தடவை அதை ஜீரோவுக்குக் கொண்டுவந்து சரிபார்க்கிறோம் ஐயா. நீங்க தூங்குங்க."

"ஜீரோ எல்லாம் சரிம்மா, மட்டம் தப்புங்கிறேன். தண்ணி மேல ஏறணும்னா தெம்பு குறையும்ல? திரையில குறைச்சுக் காட்டாம என்ன செய்யும்?"

டாக்டர் வந்தபோது டாக்டரிடமும் சொன்னார். டாக்டர் திரையைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், டப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

"இன்னைக்கு என்ன கிழமை ஐயா?"

"வியாழன்."

"நாம எங்க இருக்கோம்?"

"உங்க ஆஸ்பத்திரியில. கோணலா."

இதய ஆபரேஷன் முடிந்தவர்களில் சிலருக்கு இரண்டு மூன்று நாள் புத்தி தடுமாறும். கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார்கள், தரை, சுவர், மட்டம் என்று ஏதாவது பேசுவார்கள். டாக்டர் ஏதோ எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்தவர் போனவரெல்லாம் கிழமை கேட்டார்கள். இவர் குரலை உயர்த்தினால் "பாருங்க, ஆரம்பிச்சுட்டார்" என்றார்கள். நியாயத்தைச் சொல்லச் சொல்லப் பைத்தியக்காரப் பட்டம் கெட்டியானது.

மாலையில் பார்க்க வந்த மனைவியிடம் ஆரம்பித்தார்.

"என்னங்க, சும்மா இருங்களேன். அவங்க படிச்சவங்க. உங்க கொத்து வேலைய இங்கயும் கொண்டு வராதீங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் நம்பவில்லை என்பதுதான் நெஞ்சுத் தையலைவிட அதிகமாக வலித்தது.

நான்காம் நாள் காலை மகள் வந்தாள். துணிக்கடையில் வேலை, ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தாள். இந்தத் தடவை மேஸ்திரி குரலையே உயர்த்தவில்லை. "பாப்பா, அந்த டப்பாவையும் என் நெஞ்சையும் பாரு. நேரா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். "இல்லப்பா. ரொம்பவே தூக்கி இருக்கு."

மகள் கத்தவில்லை. நர்ஸிடம் போய், "சிஸ்டர், ஒரே ஒரு தடவை கையில பட்டை கட்டிப் பிரஷர் பாருங்க. அப்பாவை நான் சமாதானப்படுத்திக்கிறேன்" என்றாள். நர்ஸ் அலுப்போடு பட்டையைக் கட்டினாள். திரையில் எண்பத்தாறு. பட்டையில் நூற்று நாலு.

நர்ஸின் முகம் மாறியது. மறுபடி கட்டினாள். நூற்று மூன்று. ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, டப்பாவை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கினாள். திரை எண்பத்தாறிலிருந்து தொண்ணூறைத் தாண்டி நூற்று மூன்றில் நின்றது.

சாயங்காலத்துக்குள் மருந்து இரண்டுக்கு வந்தது. மறுநாள் காலை நின்றது. நகத்தில் நிறம் திரும்பியது. டாக்டர் வந்து, "பார்த்தீங்களா ஐயா, மருந்து நல்லா வேலை செஞ்சிருச்சு" என்றார். நர்ஸ் குனிந்து பேனாவைத் தேடினாள். மேஸ்திரி வாயைத் திறந்தார், மகள் அவர் தோளை அழுத்தினாள். இரண்டு நாள் வீணாகக் கிடந்ததற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் 'மனக்குழப்பம் இருந்தது' என்று எழுதியிருந்தது. மகள் அதை எடுக்கச் சொல்லிப் போராடினாள். "பதிவு பண்ணினா பண்ணினதுதான்மா" என்றார்கள்.

ஆறு வாரம் கழித்துச் சோதனைக்குப் போனபோது வேறொரு டாக்டர் இருந்தார். தாளைப் படித்ததும் மேஸ்திரியை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பி, "இவர் மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறாராம்மா? நீங்கதான் கவனமா இருக்கணும்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மனைவி கணவரைப் பார்த்தாள்.

மேஸ்திரி நாற்காலியை மேஜைக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"நோயாளி நான்தான் சார். என்கிட்டயே கேளுங்க."