சித்தப்பா சொல்லிவிட்ட கவி

எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுவதற்கு முன்பே, ஒரு கவியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்வது எப்படி என்பதை நான் பார்த்துவிட்டேன். ஆராய்ச்சி நடந்தது நாவற்குடாவில், எங்கள் வீட்டு முற்றத்தில். ஆராய்ந்தவர்கள் என் வீட்டார். கவி எந்த ஏட்டிலும் இருக்கவில்லை, என் வாயில் இருந்தது. அதனால் அந்த வாரம் முழுவதும் எங்கள் வளவில் என்னைவிடப் பெரிய ஆள் எவரும் இல்லை.

கவியைச் சொல்லிவிட்டவர் சித்தப்பா, அதாவது சின்னம்மாவின் கணவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடும் வளவும் பெண்ணுடையவை. சித்தப்பாவும் அப்படித்தான் வந்து, எங்கள் வளவுக்குள்ளேயே சின்னம்மாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்த சிறிய வீட்டில் இருந்தார். அவருடைய வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். விதைப்புக்குத் தோணியேறிப் போனால் வயலோரத்து வாடியில் தங்குவார். இடைக்கிடை வந்து போவார். அறுவடை முடிந்ததும் நெல்லோடு வீடு வந்து சேர்வார்.

அந்த வருஷம் அவர் புறப்படுவதற்கு முதல் நாள் இருவருக்கும் வாய்த்தர்க்கம். எதைப் பற்றி என்பது எவருக்கும் நினைவில்லை. ஆனால் சின்னம்மா சொன்ன ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. "என்ர வீட்டுக்குள்ள இருந்துகொண்டு எனக்கே சட்டம் சொல்றிங்களோ?" என்று கேட்டுவிட்டார். பெண் வீட்டில் குடியிருக்கும் ஆணுக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. சித்தப்பா உடுப்பு மூட்டையை எடுத்துக்கொண்டு போனார். நெல் பச்சையாகி, கதிராகி, அறுவடையும் ஆகிவிட்டது. ஒரு தடவைகூட அவர் இக்கரைக்கு வரவில்லை.

ஆளனுப்பிக் கேட்கலாமே என்று இப்போது தோன்றும். பெரியவர்கள் கூடிப் போய்க் கூப்பிட்டு, அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அன்றோடு எல்லாம் முடிந்துபோகும். ஊருக்கும் தெரிந்துவிடும். ஆகவே எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேசாமலே அவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா மெலிந்துகொண்டே வந்தார். வாவியில் தோணி வரும் சத்தம் கேட்டால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு வேலியடிக்கு வருவார். வந்து, வேலியில் ஏதோ காயப் போட்டதைப் போல இரண்டு ஓலையைத் தடவிவிட்டுத் திரும்பிப் போவார்.

இந்த நிலைமையில்தான் அப்பா எங்கள் பங்கு நெல்லை எடுத்துவர அக்கரைக்குப் போனார். நான் அழுது அடம்பிடித்து அவரோடு தொற்றிக்கொண்டேன். சித்தப்பா என்னைக் கண்டதும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சின்னம்மாவைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அப்பா சூடடிக்கும் களவெட்டியில் நெல்லோடு நெல்லாகக் கிடந்தார். நான் சித்தப்பாவோடு திரிந்தேன். திரும்பும் நாள் காலையில் அவர் என்னை வரம்பில் உட்கார வைத்து, ஒரு கவியை நான் தட்டாமல் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார். "இதைச் சின்னம்மாட்டப் படிச்சிக் காட்டு மகள். வேற ஒண்டும் சொல்ல வேணாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அது புதினமான விஷயமல்ல. முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கவியாகக் கட்டி, நம்பிக்கையான ஒரு வாயில் போட்டு அனுப்புவார்கள். கேட்டவர் பதில் கவி கட்டியனுப்புவார். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் கவி எந்தப் பொருளை எடுத்ததோ அதே பொருளை எடுத்துத்தான் பதிலும் சொல்ல வேண்டும். நெல்லைச் சொல்லிக் கேட்டால் நெல்லைச் சொல்லி, மீனைச் சொல்லிக் கேட்டால் மீனைச் சொல்லி. வேறு பக்கம் தாவினால் தோற்றுப்போனதாக அர்த்தம்.

தோணியால் இறங்கியதும் ஓடிப்போய் முற்றத்தில் நின்றுகொண்டு படித்தேன்:

வெட்டிவந்த பன்னெல்லாம் வெயிலில காஞ்சுபோச்சி
கொட்டும்பனி படலையெண்டால் இழைக்கையில முறியுமடி
கட்டவிழ்த்து விரலிடுக்கில் கசக்கிநான் பாத்துவிட்டேன்
பட்டபன்னு பாயாகாது பாவிநான் என்னசெய்வேன்

பன் என்பது குளக்கரைகளில் வளரும் ஒருவகைக் கோரை. பாய் இழைப்பது அதில்தான். எங்கள் வீட்டில் பாய் இழைக்கத் தெரிந்தவர் எவருமில்லை. அக்கரையிலிருந்து விற்க வருபவர்களிடம் வாங்குவோம், கிழியும்வரை படுப்போம். பன்னோடு எங்களுக்கிருந்த உறவு அவ்வளவுதான்.

சின்னம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டார். "இன்னொருக்காப் படி" என்றார். படித்தேன். மூன்றாம் தரம் படித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கண்டதில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எல்லாம் என்னால் வந்தது என்றே நினைத்தேன்.

அம்மாவுக்கு அந்தச் சிரிப்பில் நம்பிக்கை வரவில்லை. சனிக்கிழமை மாமா வரட்டும் என்றார். மாமா புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். வயற்காட்டுக் கவிகளை அவர் மனிதர் கேட்கத்தக்கவையாக மதிப்பதில்லை. அவற்றுக்கு யாப்பில்லை, தலையில்லை, வாலில்லை என்பார். ஆனாலும் தங்கையின் வாழ்க்கை என்று வந்தபோது, சால்வையை மடியில் வைத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து, "எங்க, படி பாப்பம்" என்றார்.

படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு விளக்கத் தொடங்கினார்.

"பன் எண்டது மனசு. வெயில் எண்டது கோவம். தங்கச்சி சொன்ன சொல்லு வெயிலாப் பட்டிருக்கி. பனி எண்டது அன்பான வார்த்தை. பாய் எண்டது குடும்பம். வெயிலில காஞ்ச மனசு பனி படாமக் குடும்பமாகாது. எவ்வளவு பொருத்தமாச் சொல்லியிருக்கிறான் பாருங்க!"

அப்பா மெதுவாகக் கேட்டார்: "பட்டுப்போன பன்னு பாயாகாது எண்டு முடிச்சிட்டானே?"

"நீங்க கடைசி வரியை மட்டும் பிடிச்சித் தொங்கக் கூடாது மச்சான். இரண்டாம் வரியில 'பனி படலையெண்டால்' எண்டு வைச்சிருக்கிறான். அப்ப பனி பட்டால்? அங்கதானே கதவு திறந்திருக்கி!"

"அண்ணே, எனக்கு வெயிலும் வேணாம் பனியும் வேணாம். அவர் வாறாரா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார் அம்மா.

"வாறான். 'என்ன செய்வேன்' எண்டு கேக்கிறான் பாரு. போறவன் கேள்வி கேக்க மாட்டான்."

இந்த இடத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அன்றைக்கு மத்தியானம் மாமாவுக்குப் பெரிய மீன் துண்டு விழுந்தது. எனக்கும் விழுந்தது. அப்பா மட்டும், முறிந்தது முறிந்ததுதான் என்பதுபோல ஏதோ முணுமுணுத்தார். அவருக்கு ஏற்கெனவே ஏதும் தெரிந்திருந்ததா என்பதை இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அக்கரையைப் பற்றிச் சொல்ல எனக்கும் நிறைய இருந்தது. ஆனால் எல்லோருக்கும் கவிதான் வேண்டியிருந்தது. வேறு எதையும் எவரும் கேட்கவில்லை.

பதில் கவி கட்ட உட்கார்ந்தபோதுதான் சின்னம்மாவுக்குத் தடைப்பட்டது. அவர் கவி கட்டுவதில் கெட்டிக்காரி. ஊஞ்சல் பாட்டுக்கு அவரைத் தேடி வருவார்கள். பன்னையும் பனியையும் எடுத்துத்தானே பதில் சொல்ல வேண்டும்? இரண்டு நாள் அரிசி களைந்தபடி, தேங்காய் துருவியபடி முணுமுணுத்துப் பார்த்தார். வரி ஓடவில்லை. பன்னை எப்போது பனியில் போடுவது, எவ்வளவு நேரம் விடுவது, விரலிடுக்கில் கசக்கிப் பார்ப்பது எதற்கு, ஒன்றும் அவருக்குத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு மூன்றாம் வரியை மட்டும் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"வயல்காரனுக்கு இது எப்பிடித் தெரியும்?" என்றார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. "இவ்வளவு நாள் என்னோட இருந்த மனிசன். வரம்பைச் சொல்லியிருந்தா எனக்கு விளங்கும். மாட்டைச் சொல்லியிருந்தா விளங்கும். பாயில படுத்ததைத் தவிர வேற என்ன தெரியும் அவருக்கு?"

பிறகு என் பக்கம் திரும்பி, தலையைத் தடவிக்கொண்டே, "அங்க நீங்க எங்க படுத்தீங்க மகள்?" என்று கேட்டார்.

கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார்! எனக்கு வாய் ஓயவில்லை. வாடியில் அல்ல, அடுத்த வளவில் ஓர் அக்கா வீட்டில் படுத்தது, புதுப்பாய் விரித்துத் தந்தது, அக்கா விரால் மீன் காய்ச்சித் தந்தது, விடிய எழும்பி வந்தால் முற்றம் முழுக்கப் பன் பரப்பியிருந்தது, மிதிக்கக் கூடாது என்று சித்தப்பா என்னைத் தூக்கிக் கடத்திவிட்டது, அக்கா ஒவ்வொரு பன்னாக விரலிடுக்கில் கசக்கிப் பார்த்துப் பிரித்துப் போட்டது, அப்போது பாட்டுப் படித்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ன பாட்டு?"

"தெரியாது. மெல்லமாப் படிச்சவ."

"சித்தப்பா எங்க இருந்தவர்?"

"பக்கத்தில. பன்னு எடுத்துக் குடுத்துக்கொண்டு."

சின்னம்மா என் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. "நல்ல புள்ள" என்றார். அதன்பின் அவருக்குக் கவி தடைப்படவில்லை. அரிசி வேகும் நேரத்துக்குள் கட்டி, எனக்குச் சொல்லியும் தந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மாமா பதிலைக் கேட்க ஆவலாக வந்தார். எல்லோரையும் இருத்தி வைத்துப் படித்தேன்:

பனியில போட்டெடுக்கப் பக்கத்தில ஆளிருக்க
இனியெதுக்கு என்மச்சான் இங்கவந்து கேக்கிறிங்க
தனியநான் கிடப்பதற்குத் தரையே போதுமெண்டு
குனியாமச் சொன்னேனெண்டு கூறிடுங்க பாய்க்காரிக்கு

"பனி, இனி, தனி, குனி! எதுகை எப்பிடி விழுந்திருக்கி பாருங்க" என்று மாமா தொடையில் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது. "ஆரு பாய்க்காரி?"

"அவருக்குத் தெரியும்" என்றார் சின்னம்மா.

அம்மா முகத்தைச் சேலையால் பொத்திக்கொண்டு உள்ளே போனார். மாமா சால்வையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "அவசரப்படாத புள்ள. பன் எண்டது மனசு..." என்று தொடங்கினார்.

"பன் எண்டது பன்தான் அண்ணே" என்றார் சின்னம்மா.

அப்பா எழுந்து, "நான் போய்க் கதைக்கட்டா?" என்று கேட்டார்.

"வேணாம். கவி போனாப் போதும்."

மிச்ச நெல்லுக்கு அப்பா போனபோது நானும் போனேன். இந்த முறை அழத் தேவையிருக்கவில்லை. கவி என்னிடமல்லவா இருந்தது. அந்த அக்காவின் முற்றத்தில்தான் சித்தப்பா இருந்தார். அவள் பாதி இழைத்த பாயின்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் இருவருக்கும் நடுவில் நின்று, ஒரு சொல் பிசகாமல், நல்ல குரலில் படித்தேன். முடித்ததும் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் பேசினாள். "இன்னொருக்காப் படி மகள்" என்றாள். படித்தேன். "உன்ர சின்னம்மா நல்லாக் கட்டுறா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புறப்படும்போது அவள் உள்ளே போய், சிவப்புக் கரை வைத்த புதுப்பாய் ஒன்றைச் சுருட்டி என் கையில் தந்து, "சின்னம்மாட்டக் குடு" என்றாள். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்த்தாள். அப்பா தோணியில் அந்தப் பாயைத் தொடவில்லை. நான்தான் நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதை எல்லோருக்கும் முன்னால் விரித்துக் காட்டினேன். அம்மா அதை அடுப்பில் வைக்கச் சொன்னார். சின்னம்மா குனிந்து, ஒரு மூலையைப் பிடித்து, இழையை விரலால் தடவிப் பார்த்தார். "பாய் என்ன செய்யும்? நல்லாத்தான் இழைச்சிருக்கா. புள்ளைக்குக் குடுங்க" என்றார்.

அப்படி அது எனக்கு வந்தது. சித்தப்பா அதன்பிறகு வரவே இல்லை. சின்னம்மாவுக்கு வேறு கலியாணம் பேசினார்கள், அவர் ஒப்பவில்லை. மத்தியானங்களில் சின்னம்மாவின் வீட்டுக்கு என் பாயைக் கொண்டுபோய், அவருக்குப் பக்கத்தில் விரித்துப் படுப்பேன். அவர் வெறும் சாணித்தரையில் கையைத் தலைக்கு வைத்துக் கிடப்பார். எனக்கு அவர்மேல் சரியான இரக்கம். பாயின் ஓரத்துக்கு நகர்ந்து, "இதில வாங்க சின்னம்மா, இடமிரிக்கி" என்பேன். "தரைதான் புள்ள குளிர்ச்சி" என்பார்.

கச்சான் காற்று அடிக்கிற வெக்கைக் காலம் அது. நான் நம்பிவிட்டேன்.