டி டிரைவ் அக்காவும் சிவப்பு பென் டிரைவும்

காது மெஷின் விற்கும் கடையில் அவளுக்கு ‘டி டிரைவ் அக்கா’ என்று பெயர். மெஷினை செட் செய்யும் மென்பொருள் எது வந்தாலும், அதன் இன்ஸ்டால் கோப்பு டி டிரைவில், அதற்கென்று அவள் உருவாக்கி வைத்திருக்கும் ஃபோல்டருக்குத்தான் போக வேண்டும். டெஸ்க்டாப்பில் எவனாவது போட்டானோ, தொலைந்தான். அன்று முழுக்க வசவுதான்.

“டெஸ்க்டாப் இருக்கிறது சி டிரைவ்லடா, அது என்னைக்கு வேணாலும் காலை வாரிடும்!”

அப்பேர்ப்பட்டவளுக்கே இன்று ஒரு சோதனை. பஸ் டிரைவரான அவள் கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய மெஷின் தண்ணீரில் விழுந்து பாழாகிவிட்டது. அதே மாடலில் இன்னொன்றைத் தேடிப்பிடித்தாயிற்று. அதை அவர் காதுக்கு ஏற்றபடி செட் செய்தாக வேண்டும். சாயங்காலம் டிப்போவில் காது பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

மென்பொருளோ திறக்கவே மாட்டேன் என்றது. திரையில் ‘ரிப்பேர்’ பட்டனை அழுத்திப் பார்த்தாள். முதலில் இன்ஸ்டால் செய்த கோப்பு ஈ டிரைவில் காணோம், இருக்கும் இடத்தைக் காட்டு என்று திரையில் வந்து நின்றது.

ஈ டிரைவா! பென் டிரைவைச் செருகினால் வரும் எழுத்தாயிற்றே அது. ஒரே ஒரு தடவை, அவசரத்தில், பென் டிரைவிலிருந்து நேராக ஏற்றியிருந்தாள். அப்புறம் டி-க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டதுதான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய்! கம்பெனிக்குப் போன் போட்டால், அந்த மாடலையே நிறுத்தியாச்சு, கோப்பு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

“அந்தச் சிவப்பு பென் டிரைவ் எங்கேங்க?” உதடு தெரிய, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

அவர் அசட்டுச் சிரிப்போடு சாவிக்கொத்தை நீட்டினார். அதில் தொங்கியது. “சும்மாதானே கிடந்துச்சு. பஸ்ல பாட்டுப் போட எடுத்துக்கிட்டேன்.”

“பாவி மனுஷா!” என்று திரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள். அவருக்குக் கேட்கவில்லை.

செருகினாள். பாட்டு. மறுபடி பாட்டு. பட்டியலில் இறங்க இறங்கப் பாட்டு. போச்சு, இந்த மனுஷன் பிழைப்பே போச்சு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஃபோல்டர் வந்தது. அவளே வைத்த பெயர்: ‘தொடாதே’.

“நீ எழுதி வெச்சதை நான் தொடுவேனா?” என்றார் அவர், திரையை எட்டிப் பார்த்து.

முதல் வேலையாக அதை டி டிரைவுக்கு மாற்றினாள். இடத்தைக் காட்டினாள். மென்பொருள் திறந்துகொண்டது. மெஷினை செட் செய்து அவர் காதில் மாட்டிவிட்டு, முகம் தெரியாதபடி அவர் முதுகுப் பக்கம் போய் நின்றாள்.

“பாவி மனுஷா” என்றாள், முன்பு போலவே மெதுவாக.

அவர் திரும்பாமலே கேட்டார்: “யாருடி பாவி?”