பெயர் வெட்டப்பட்ட மாத்திரை

கடந்த ஆண்டு அக்டோபர் எட்டாம் தேதி, மாலை ஐந்து இருபதுக்கு என் கீழுதடு எரியத் தொடங்கியது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு மருந்துக் கடையில், வந்தவர் ஒருவருக்கு மருத்துவர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரவுக்குள் வாய் முழுவதும் கொப்புளம். விடிந்தபோது இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். முதுகலையை அஞ்சல்வழியில் படித்துக்கொண்டே, மருந்தாளுநர் பட்டயப் படிப்புக்கான செய்முறைப் பயிற்சிக்காக அந்தக் கடையில் இருந்தேன். கடையின் மூத்த ஊழியர் முருகேசன் அண்ணாச்சி.

விசைப்படகில் போகிறவர்கள் இருட்டோடு கடலுக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள். மருத்துவரைப் பார்க்க அவர்களுக்குப் பொழுது வாய்ப்பதில்லை. "ரெண்டு செட் குடுங்க அண்ணாச்சி" என்றால் போதும். காய்ச்சலுக்கு, வலிக்கு, கிருமிக்கு, வயிற்றுக்கு என்று அட்டைகளிலிருந்து வெட்டிய மாத்திரைகளைச் சிறு காகித உறையில் போட்டால் அது ஒரு செட். மதிய ஓய்வில் அண்ணாச்சி அவற்றைக் கட்டி இழுப்பறையில் நிரப்பிவைப்பார். வெட்டும்போது மாத்திரை ஒரு துண்டிலும் பெயர் இன்னொரு துண்டிலுமாகப் போய்விடும். ஒரு மாத்திரை தீர்ந்துபோனால், அதே வேலையைச் செய்யும் வேறொன்று அதன் இடத்துக்கு வரும்.

சீட்டில்லாமல் இப்படிக் கொடுப்பது குற்றம் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் காய்ச்சல் வந்தபோது, கடையில் எல்லோரும் செய்வதைப்போல நானும் இழுப்பறையைத் திறந்தேன். அதிலிருந்த செட்டுகளை ஒரு வாரம் விழுங்கினேன்.

மருத்துவமனையில் தோல் மருத்துவர் என் முதுகில் விரலை வைத்து லேசாகத் தேய்த்தார். தோல் ஈரக் காகிதம்போல நகர்ந்தது. ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்குறி (ஒரு மருந்தைப் பகைத்துக்கொண்ட உடல், தன் தோலையும் வாய், கண் ஆகியவற்றின் மென்சவ்வுகளையும் தானே எரித்துக் கழற்றும் ஒவ்வாமை) என்றார்.

விரிப்பை மாற்ற என்னைப் புரட்டினார்கள். முதுகின் ஒரு பகுதி விரிப்போடு போனது. எச்சில் விழுங்குவது கண்ணாடிச் சில்லை விழுங்குவதாக இருந்தது. அலறினால் உதடு கிழியும். அதனால் அலறவில்லை.

மருத்துவர் என் அண்ணனிடம் பேசுவது கேட்டது. அண்ணன் செந்தில், துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன்.

"புண்ணுல கிருமி ஏறிட்டிருக்கு. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கணும். அவ சாப்பிட்டது எதுன்னு தெரியாம அதே குடும்பத்து மருந்தை நான் ஏத்திட்டேன்னா உயிர் போயிரும். கடையில கேட்டு பேரை வாங்கிட்டு வாங்க."

அவன் திரும்பியபோது மூச்சு இரைத்தது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் டாக்டர். அந்த முருகேசன் வெறும் காய்ச்சல் மாத்திரைதான்னு சாதிக்கான். ஷட்டர் கம்பியை எடுத்து மண்டையில போட்டுட்டேன். கடைக் கண்ணாடியெல்லாம் நொறுங்கிட்டு."

"பேரு?"

"மண்டை உடைஞ்சிட்டு டாக்டர்..."

"நான் மண்டையக் கேக்கல," என்றார் மருத்துவர்.

என் கட்டிலருகே இருந்த அம்மா எழுந்து போனாள். கடைவரை போக வேண்டியிருக்கவில்லை. மண்டை உடைந்தவரை இதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். கீழே அவசரப் பிரிவில் தையல் போடும் வரை அம்மா பக்கத்தில் நின்றாளாம். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏளா, முருகேசன் வந்திருக்கேன்," என்ற குரல் வாசல் பக்கம் கேட்டது. அண்ணனின் நாற்காலி தரையில் உரசியது.

"ஏலே, உக்காரு," என்றாள் அம்மா. "அவரு சொல்லி முடிக்கட்டும். பொறவு உன் வீரத்தக் காட்டு."

"அடிக்கணும்னா இடது பக்கம் அடி தம்பி. வலது பக்கம் இப்பதான் தச்சு முடிச்சாவ."

யாரும் சிரிக்கவில்லை. அவர் குரல் இறங்கியது. "கிருமிக்குப் போடுத காப்ஸ்யூல் அந்த வாரம் இல்ல டாக்டர். அதுக்குப் பதிலா சல்ஃபா மாத்திரையை வெட்டிப் போட்டேன். கடை லைசென்ஸ் போயிருமேன்னு மறைச்சிட்டேன்."

மருத்துவர் வேறு குடும்பத்து மருந்தை ஏற்றச் சொன்னார்.

உயிர் தங்கியது. பார்வை தங்குமா என்பது தெரியவில்லை. இமையும் விழியும் ஒட்டி வளர்ந்துவிடாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே கண்ணாடிக் குச்சியை விட்டு ஒட்டுதலை அறுப்பார்கள். ஒரு செவிலியர் என் தலையைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் கைகளை. மனப்பாடமாக இருந்த செய்யுள்களை அப்போது சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் அடிக்கு மேல் எதுவும் வரவில்லை. வலிக்கு முன் இலக்கியம் துணை நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதே நோயோடு படுத்திருப்பவரின் அருகில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோபம் நியாயமாகவே இருக்கட்டும். முதலில் பெயரை வாங்கிக்கொண்டு வாருங்கள். என் அண்ணனின் அடி எனக்காக விழுந்தது, ஆனால் அதில் எனக்குப் பயன்பட்டது எதுவும் இல்லை.

நகங்கள் கழன்றன. புதுத்தோல் வந்தது, வெங்காயச் சருகைவிட மெல்லியதாக. பார்வை மீண்டது, கண்ணீர் மீளவில்லை.

வீடு திரும்பிய மாலையில் ஆட்டோ கடையைக் கடந்தது. புதுக் கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். காகித உறைகள் கைமாறிக்கொண்டிருந்தன. அண்ணன் என் பக்கம் திரும்பாமல் சொன்னான்: "பேசி முடிச்சாச்சு. அடிச்சதுக்குக் கேஸ் இல்ல, மாத்திரைக்குப் புகார் இல்ல. நீ ஒண்ணும் கிளறாத."

என்னை யாரும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை கறுப்புக் கண்ணாடி அணிந்து கடைக்குப் போனேன். இழுப்பறையை முழுதாக உருவி, தரை துடைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் கவிழ்த்தேன். தரையில் உட்கார்ந்து உறைகளைக் கிழித்தேன். அட்டைத் துண்டுகளை அழுத்தி மாத்திரைகளைத் தண்ணீருக்குள் பிதுக்கினேன். நகமில்லாத விரல்நுனிகள் வெடித்தன. வெளுத்த தண்ணீரில் சிவப்பு இழையோடியது.

அண்ணாச்சி தடுக்கவில்லை. தலைத் தழும்பைத் தடவியபடி நின்றார்.

"நாளைக்குத் திரும்பக் கட்டுவேனே, ஏளா. அப்ப என்ன செய்வ?"

"நாளைக்கும் வருவேன் அண்ணாச்சி."

வெளியே காத்திருந்த படகுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, எனக்கு ரெண்டு மட்டும் எடுத்துட்டுப் பொறவு கொட்டுனா என்ன?"

பதில் சொல்வதற்குள் கண் காய்ந்து உறுத்தத் தொடங்கியது. என் பொழுதை இப்போது கடிகாரம் அல்ல, அந்த உறுத்தல்தான் பிரிக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டேன். அவர் முகம் தெளிந்து தெரியும்வரை காத்திருந்து, மறுபடி வாளிமேல் குனிந்தேன்.